வல்லாளன் வீழ்ந்த போர்: காழியின் சாட்சியமும் கவிகளின் கற்பனையும்

திருவண்ணாமலையில் வாழ்வோர்க்கு வல்லாள மகாராஜன் என்னும் பெயர் அந்நியமானதன்று. அருணாசலேசுவரர் கோயிலின் கோபுரங்களுள் ஒன்று வல்லாள கோபுரம் என்றே வழங்கி வருகிறது. எல்லப்ப நாவலர் இயற்றிய அருணாசல புராணம் அவ்வரசனின் கொடைச் சிறப்பையும், பிள்ளைப் பேறின்றி வருந்திய அவனுக்கு இறைவனே குழந்தையாய் வந்த கதையையும் விரித்துரைக்கிறது. ஆண்டுதோறும் மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, மகன் என்னும் முறையில் அவ்வரசனுக்குத் திதி கொடுக்கும் சடங்கு நடைபெறுகிறது. ஊர் மக்கள் திரளாகச் சென்று அதனைக் காண்கின்றனர்.

இவ்வல்லாளன் புராணத்தில் மட்டும் வாழ்ந்தவன் அல்லன். போசள மரபில் வந்த மூன்றாம் வீர வல்லாளன் அவன். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அரசாண்டவன். தன் தலைநகரான துவாரசமுத்திரம் தில்லிப் படைகளால் அழிக்கப்பட்ட பின், அண்ணாமலையைத் தன் இருக்கையாகக் கொண்டான். 1342ஆம் ஆண்டில், தன் முதுமையில், மதுரைச் சுல்தானோடு நிகழ்த்திய போரில் உயிரிழந்தான்.

அவன் முடிவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிக விரிவான செய்தி அரபு மொழியில் இருக்கிறது. அதனைக் கூறியவர் ஒரு முஸ்லிம் காழி. அவர் அவ்வரசனைக் கொன்ற சுல்தானுக்கு நெருங்கிய உறவினருங்கூட. ஊரில் புராணமும் சடங்கும், மத்ரஸாவின் அலமாரியில் அரபுக் கிதாபும், வடமொழியில் ஒரு காவியமும், நம் காலத்தில் நாவல்களும் என ஒரே போர் பல வடிவங்களில் நம்மிடம் வந்து சேர்ந்துள்ளது. இவற்றை எவ்வாறு வாசிப்பது, எதை நம்புவது, வாசித்து அறிந்ததை என்ன செய்வது என்பனவே இக்கட்டுரையில் நாம் ஆராய விழைவன.

போரின் பின்னணி

பாண்டிய அரசுக்காக உடன்பிறந்தோர் இருவர் தம்முள் பொருத வேளையில், 1311இல் தில்லித் தளபதி மாலிக் காபூர் தெற்கே வந்தான். வல்லாளன் முதலில் எதிர்த்தான், பின் பணிந்தான். பணிந்ததோடு நில்லாமல், பாண்டிய நாட்டுக்குச் செல்லும் அப்படைக்கு வழித்துணையும் ஆனான் என்று பாரசீக ஆசிரியர்கள் எழுதுவர். அப்படையெடுப்பைப் புகழ்ந்து 'கஸாயினுல் ஃபுதூஹ்' எழுதிய அமீர் குஸ்ரூ, தமிழ் மன்னனின் குடிகளாக முஸ்லிம்கள் சிலர் இருந்ததையும், அவர்கள் கலிமா சொல்லித் தில்லிப் படையிடம் உயிர் தப்பியதையும் குறிப்பிடுகிறார். ஆக, இந்நாட்டுக் கடற்கரைப் பட்டினங்களில் வணிகம் செய்து வாழ்ந்த முஸ்லிம்கள் அப்படைக்கு முன்பே இங்கு இருந்தவர்கள். படை வந்தபோது அவர்களும் அதன் எதிரில்தான் நின்றனர்.

1323இல் மீண்டும் ஒரு படையெடுப்பு நிகழ்ந்தது. தமிழகத்தின் பெரும்பகுதி மஅபர் என்னும் பெயரில் தில்லியின் மாகாணமாயிற்று. சில ஆண்டுகளுக்குள் தில்லியின் பிடி தளர்ந்தது. மதுரையில் ஆளுநராக இருந்த ஸையித் ஜலாலுத்தீன் அஹ்ஸன் தம்மையே சுல்தானாக அறிவித்துக் கொண்டார். அவ்வரசு நாற்பது ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதலாக நிலைத்தது. அதன் தொடக்கமே இரத்தத்தில் தோய்ந்திருந்தது. ஜலாலுத்தீன் ஐந்தாண்டுகளுக்குப் பின் கொல்லப்பட்டார். அடுத்தவர் போரில் வென்று, தலைக்கவசத்தைக் கழற்றிய வேளையில் எங்கிருந்தோ வந்த அம்பு பட்டு மாண்டார். அவருடைய மருமகன் நாற்பது நாட்களில் கொலையுண்டார். அதன் பின் அரியணை ஏறியவர் கியாஸுத்தீன் தாமகானி. தில்லியில் சாதாரணக் குதிரை வீரராகப் பணி செய்தவர்; ஜலாலுத்தீனின் மகளை மணந்ததால் இந்நிலைக்கு உயர்ந்தவர். அதே ஜலாலுத்தீனின் இன்னொரு மகளைத் தில்லியில் மணந்திருந்தவரே நம் காழி, இப்னு பதூதா.

காழி கூறும் செய்தி

தாஞ்சியர் நகரில் 1304இல் பிறந்த இப்னு பதூதா, இலங்கையிலிருந்து புறப்பட்ட கப்பல் உடைந்து மஅபர் கரையில் ஒதுங்கினார். சுல்தானின் பாசறைக்கு அழைத்துச் செல்லப்பட்டு உறவினருக்குரிய உபசாரம் பெற்றார். இது 1344ஐ ஒட்டிய காலம். வல்லாளன் இறந்து இரண்டு ஆண்டுகள் சென்றிருந்தன.

அவர் கூறும் போர்ச் செய்தியின் சுருக்கம் இது. வல்லாளன் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட படையோடு வந்தான். அப்படையில் இருபதாயிரம் முஸ்லிம்களும் இருந்தனர். மதுரைப் படையோ ஆறாயிரம். அதிலும் பாதிப்பேர் போருக்கு உதவாதவர். கொப்பம் என்னும் ஊரருகே நடந்த போரில் மதுரைப் படை தோற்றது. அறிஞர்கள் அதனைத் திருவரங்கத்துக்கு அண்மையிலுள்ள கண்ணனூர்க் கொப்பம் என்பர். அவ்வூர்க் கோட்டையை வல்லாளன் பத்து மாதங்கள் முற்றுகையிட்டான். உள்ளே பதினான்கு நாட்களுக்கான உணவே எஞ்சியது. சரணடைந்தால் பாதுகாப்பாக வெளியேறலாம் என்று வல்லாளன் அறிவித்தான். சுல்தானைக் கலந்து சொல்கிறோம் என்றனர் உள்ளிருந்தோர். அதற்குப் பதினான்கு நாள் தவணையும் கொடுத்தான்.

கோட்டையிலிருந்து வந்த கடிதம் வெள்ளிக்கிழமையன்று மதுரையில் மக்கள் முன் படிக்கப்பட்டது. கேட்டோர் அழுதனர். உயிரைத் துறக்கத் துணிந்தோர் தலைப்பாகையை அவிழ்த்துக் குதிரையின் கழுத்தில் கட்டிக்கொண்டு புறப்பட்டனர். அவர்கள் நண்பகல் ஓய்வு வேளையில் பாசறை மீது பாய்ந்தனர். குதிரைகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. வந்தவர்கள் திருடர்கள் என்றெண்ணி ஒழுங்கின்றி எதிர்த்த போசளப் படை சிதறியது. எண்பது வயதான வல்லாளன் குதிரை ஏற முயன்றபோது, சுல்தானின் உடன்பிறந்தார் மகன் நாஸிருத்தீன் அவனைப் பிடித்தார். யாரென்று அறியாமல் வெட்ட ஓங்கியபோது, இவர்தாம் அரசர் என்று ஒருவன் சொல்லவே சிறைப்படுத்தினார்.

இதற்கு மேல் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. ஆயினும் எழுதியாக வேண்டும். விடுதலை செய்வதாக வாக்களித்து, வெளிப்பார்வைக்கு மரியாதை காட்டி, வல்லாளனின் பொருள், யானை, குதிரை அனைத்தையும் சுல்தான் பெற்றுக் கொண்டார். பெற்ற பின் அம்முதியவனைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோலால் அடைத்து, மதுரை மதிலில் தொங்கவிட்டார். அது அங்குத் தொங்கக் கண்டேன் என்று காழி சாட்சி கூறுகிறார்.

காழி கண்டது இதனோடு முடியவில்லை. சுல்தானோடு காட்டு வழியே சென்றபோது, பிடிபட்ட கைதிகளைக் கொண்டே கூரிய கழுமரங்களைச் சுமக்கச் செய்ததையும், பாசறையைச் சுற்றி மரவேலி அமைத்து அதற்கு நான்கு வாயில் வைத்ததையும், மறுநாள் காலை அந்நான்கு வாயிலிலும் அக்கைதிகள் கழுவேற்றப்பட்டதையும், அவர்தம் மனைவியரும் மடியிலிருந்த குழந்தைகளும் கொல்லப்பட்டதையும் அவர் கூறுகிறார். உணவு வேளையில் ஒருவனைக் கொண்டுவந்து கொன்று, அவன் மனைவியையும் ஏழு வயது மகனையும் வெட்டச் சொன்னபோது முகத்தைத் திருப்பிக் கொண்டதாகவும் கூறுகிறார். இத்தகைய இழிசெயலை வேறெந்த அரசரிடமும் தாம் கண்டதில்லை என்பதும், இதனாலேயே அல்லாஹ் அவரது முடிவை விரைவுபடுத்தினான் என்பதும் அவருடைய தீர்ப்பு. மதுரையில் பரவிய கொள்ளைநோயில் சுல்தானின் தாயும் மனைவியும் மகனும் மாண்டனர். சுல்தானும் விரைவில் இறந்தார்.

அறிவிப்பை எடை போடும் முறை

ஹதீஸ் கலை பயின்றோர்க்கு ஓர் அறிவிப்பைக் கேட்டதும் மூன்று கேள்விகள் எழும். சொன்னவர் யார்? தாமே கண்டாரா, பிறரிடம் கேட்டாரா? யாருக்கு ஆதரவாகச் சொல்ல அவருக்குக் காரணம் இருந்தது?

இப்னு பதூதாவின் செய்தியில் கண்டதும் கேட்டதும் கலந்துள்ளன. கொப்பத்துப் போரை அவர் காணவில்லை; சுல்தானின் தரப்பார் சொல்லக் கேட்டார். வென்றவர் சொல்லும் கதையில் எதிரியின் படை பெருகுவதும் தம் படை சுருங்குவதும் எங்கும் உள்ள வழக்கம். எனவே ஓர் இலட்சம், ஆறாயிரம் என்னும் எண்களை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வரலாற்றாசிரியர்கள் மிக எளிதில் தவறும் இடம் படைத்தொகையும் செல்வத்தொகையுமே என்று 'முகத்திமா'வில் இப்னு கல்தூன் எச்சரிக்கிறார். அத்தனை பேரை அந்நாடு தாங்குமா, அத்தனை பேர் ஒரு களத்தில் அணிவகுக்க இடமுண்டா என்று அறிவைக் கொண்டு அளந்து பார்க்கச் சொல்கிறார். இந்த அளவுகோல் எல்லாத் தரப்புக்கும் ஒன்றே. திருவரங்கத்துக் கோயிலொழுகு, தில்லிப் படையால் பன்னீராயிரவர் தலை இழந்ததாகக் கூறுகிறது. அவ்வெண்ணையும் இவ்வாறே ஆராயலாம். ஆனால், எண் குறைவதால் நடந்த கொலை நடவாததாகி விடாது என்பதை மறத்தல் கூடாது.

மதிலில் தொங்கிய தோலும், நான்கு வாயில் கழுமரங்களும், உணவு வேளைக் கொலையும் காழி தம் கண்ணால் கண்டவை. இங்கு அவருக்குப் பொய் சொல்லக் காரணம் இல்லை. மறைக்கவே காரணம் இருந்தது. அவர் சுல்தானின் சகலர்; அவரிடம் உணவும் பொருளும் பெற்றவர்; அதே மார்க்கத்தவர். தம்மவருக்கு எதிராக ஒருவர் சொல்லும் சாட்சியம் எந்த நீதிமன்றத்திலும் எடை மிக்கது. 1355இல் ஃபாஸ் நகரில் இப்னு ஜுஸைய் எழுத இவர் சொல்லி முடித்த பயண நூலைக் கேட்டுப் பலரும் ஐயுற்றனர் என்பது உண்மையே. அந்த ஐயத்தை இப்னு கல்தூனே குறித்து வைத்திருக்கிறார். தாம் காணாததையெல்லாம் பொய்யென்று தள்ளலாகாது என அமைச்சர் ஒருவர் தமக்கு அறிவுறுத்தியதையும் அவரே எழுதியுள்ளார்.

வேறு சான்று உண்டா? கன்னட நாட்டுக் கல்வெட்டு ஒன்று, 1342 செப்டம்பரில் வல்லாளன் துருக்கரோடு பொருது இறந்ததாகக் கூறுகிறது. சிறைப்பட்டதும் தோல் உரிக்கப்பட்டதும் அதில் இல்லை. தம் அரசரின் முடிவைக் கல்லில் வெட்டுவோர், அவர் போரில் வீழ்ந்தார் என்று எழுதுவதே இயல்பு. கல்வெட்டு காலத்தை உறுதி செய்கிறது. கிதாபு முடிவின் தன்மையைச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்தே வாசிக்க வேண்டும்.

கங்காதேவியின் காவியம்

விசயநகர அரசர் புக்கரின் மகன் குமார கம்பணன் மதுரைச் சுல்தானை வென்றதைப் பாடும் வடமொழிக் காவியம் 'மதுரா விஜயம்'. பாடியவர் கம்பணனின் தேவி கங்காதேவி. நெடுங்காலம் மறைந்து கிடந்த இதன் சுவடி 1916இல் திருவனந்தபுரத்தில் கண்டெடுக்கப்பட்டது. சிதைந்த இடங்கள் பல உண்டு.

ஒரு பெண் கம்பணன் முன் தோன்றிப் பாண்டிய நாட்டின் அழிவைச் சொல்லிப் புலம்பும் பகுதியே இதில் பலராலும் எடுத்துக் காட்டப்படுவது. இடிந்த கோயில்கள், வெட்டப்பட்ட தென்னைகளின் இடத்தில் மனிதத் தலைகள் கோக்கப்பட்ட கழுக்கள், குருதி கலந்த தாமிரபரணி என அப்புலம்பல் விரிகிறது. பின் அப்பெண் தெய்வீக வாள் ஒன்றைத் தருகிறாள். கம்பணன் தனிப்போரில் சுல்தானின் தலையைக் கொய்கிறான்.

இது காவியம், வென்ற மன்னனின் மனைவி எழுதியது. தெய்வீக வாளும் தனிப்போரும் காவிய மரபு என்பதை வடமொழி கற்றோர் அறிவர். கம்பணனின் மதுரை வெற்றியை 1371ஐ ஒட்டி வைப்பர். மதுரைச் சுல்தான் பெயரால் ஹிஜ்ரி 779 வரை, அதாவது 1377-78 வரை, காசுகள் வெளிவந்துள்ளன. ஆகவே ஒரு வாள்வீச்சில் அவ்வரசு முடிந்துவிடவில்லை. பாட்டு சொல்வதைக் காசு மறுக்கும்போது காசையே நம்ப வேண்டும்.

ஆனால் இதனைச் சொல்லி அக்காவியத்தை மூடிவைத்து விடலாமா? கங்காதேவி பாடும் கழுமரங்களை நாம் கற்பனை என்று தள்ள இயலாது. அதே கழுமரங்களை நம் காழி கண்டிருக்கிறார். ஒருவர் சொன்னதை மற்றவர் அறிய வழியில்லை. ஒருவர் எழுதியது அரபு, மற்றவர் எழுதியது வடமொழி. ஒருவர் சுல்தானின் விருந்தினர், மற்றவர் அவ்வரசின் பகைவர். தொடர்பற்ற இரு வழிகளில் ஒரே செய்தி வரும்போது அது வலுப்பெறுகிறது என்பது ஹதீஸ் கலையில் நாம் படித்த விதிதானே. காவியத்தில் கற்பனையும் உண்டு, சாட்சியமும் உண்டு. அவற்றைப் பிரித்தறிவது வாசகர் கடமை.

நாவல்களும் நாமும்

நம் காலத்தில் இப்போர்க் காலத்தைக் காவியத்தைவிட நாவல்கள் வழியாகவே மக்கள் அறிகின்றனர். ஸ்ரீ வேணுகோபாலனின் 'திருவரங்கன் உலா'வும் அதன் தொடர்ச்சியான 'மதுரா விஜய'மும், திருமேனியைக் காக்க அடியார்கள் காடுமேடெல்லாம் அலைந்ததைக் கதையாக்கின. சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' மாலிக் காபூர் காலம் தொடங்கி மதுரையின் அறுநூறு ஆண்டுகளை விரித்தது. உருது வாசிக்கும் நம் வடார்க்காட்டு வீடுகளிலோ நஸீம் ஹிஜாஸியின் நாவல்கள் கைக்குக் கை மாறின. அவற்றில் முஸ்லிம் வீரன் தோற்பதும் துரோகத்தால்தான், வெல்வதும் நீதிக்காகத்தான்.

நாவல் ஒரு பக்கத்தின் துயரைத் தொட்டுணரச் செய்கிறது. அது அதன் பயன். ஒரு பக்கத்தை மட்டும் உணரச் செய்து நிறுத்திவிடுவது அதன் ஆபத்து. ஹிஜாஸியை மட்டும் வாசித்த இளைஞனுக்குக் கியாஸுத்தீன் போன்ற ஒருவர் இருந்திருக்கவே முடியாது என்று தோன்றும். மறுபக்கத்தை மட்டும் வாசித்தவனுக்கு முஸ்லிம்கள் யாவரும் கியாஸுத்தீன்கள் என்று தோன்றும். வல்லாளனின் படையில் இருந்த முஸ்லிம்களை இருவரும் அறிய மாட்டார்கள். அவர்கள் ஓடிப்போன அடிமைகளும் குற்றவாளிகளும் என்று சுல்தானின் தரப்பார் இகழ்ந்தனர். இகழ்ச்சியை நீக்கிவிட்டுப் பார்த்தால், முஸ்லிம்கள் பலர் அண்ணாமலை அரசனின் கொடியின் கீழ் நின்றனர் என்னும் உண்மை எஞ்சுகிறது.

சென்ற ஆண்டு இப்னு பதூதாவின் இப்பகுதியைப் பெரிய வகுப்பு மாணவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். முடித்ததும் ஒரு மாணவர், "ஹஜ்ரத், இதை நாமே எடுத்துச் சொன்னால், நம்மை ஏசுவோர்க்கு நாமே ஆயுதம் கொடுத்ததாகாதா?" என்று கேட்டார். நியாயமான அச்சந்தான். இந்நூலின் அரபு மூலம் 1850களிலேயே பாரிஸில் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் அச்சாகிவிட்டது. 1921இல் எஸ். கிருஷ்ணசுவாமி அய்யங்கார், தென்னிந்தியாவும் முஸ்லிம் படையெடுப்பாளரும் பற்றிய தம் ஆங்கில நூலில் இவற்றையெல்லாம் ஆராய்ந்துள்ளார். ஆயுதம் தேடுவோர் கையில் இது எப்போதோ சேர்ந்துவிட்டது. அதனை மூலமொழியில் வாசிக்க வல்ல நாம் மட்டுமே வாசியாமல் இருக்கிறோம்.

மேலும், இச்செயலைக் கண்டிக்க நாம் வேறெங்கும் போக வேண்டியதில்லை. போரில் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். உடலைச் சிதைப்பதையும் தடுத்தார்கள். அபயம் அளித்தபின் கொல்வது வஞ்சகம் என்பதும், வாக்குறுதி மாற்று மார்க்கத்தாருக்கு அளித்ததாயினும் காக்கப்பட வேண்டும் என்பதும் ஃபிக்ஹு நூல்களின் ஸியர் பாடத்தில் நம் மாணவர்கள் ஓதுவனவே. ஓதிய அச்சட்டத்தைக் கியாஸுத்தீன் மீது செலுத்திப் பார்த்தால், அவர் குற்றவாளியாகவே நிற்பார். இப்னு பதூதாவும் மாலிக்கி மத்ஹபின் காழியாகவே தம் தீர்ப்பைச் சொன்னார். தமக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ எதிராயினும் நீதிக்குச் சாட்சியாய் நிற்குமாறு அந்நிஸா அத்தியாயத்தில் இறைவன் இடும் கட்டளை, வரலாறு எழுதுவோர்க்கும் வாசிப்போர்க்கும் விலக்களிக்கவில்லை.

காழியிடமும் ஒரு குறை உண்டு. அவர் முகத்தைத் திருப்பிக் கொண்டார். அரசர் முன் வாய் திறந்து தடுக்கவில்லை. எதிரே நின்று தடுத்திருந்தால் அவர் தலையும் உருண்டிருக்கலாம். பத்தாண்டுகளுக்குப் பின் தொலைதேசத்தில் அவரால் செய்ய முடிந்தது, மறைக்காமல் சொல்வது ஒன்றே. அதனைச் செய்தார்.

வாசகர் கடமை

வடவர் செய்ததற்கு நாம் பொறுப்பா என்று கேட்டு ஒதுங்குவது எளிது. தமிழ் முஸ்லிம்களின் மூதாதையர் பெரும்பாலும் கடல்வணிகரும் நெசவாளரும் உழவருமே; மதுரைச் சுல்தான்களின் குற்றம் அவர்கள் குற்றமாகாது. இது உண்மை. ஆனால் ஒரு சுல்தானின் வெற்றியை நம் பெருமையாகக் கொண்டாடிவிட்டு, அவருடைய கொடுமை வரும்போது மட்டும் அவர் வேறு, நாம் வேறு என்பது நேர்மையாகாது. பெருமையை வேண்டாமென்று விட்டவரே பழியையும் வேண்டாமெனலாம்.

ஆகவே இக்காலத்தை வாசிக்க விரும்பும் அன்பர்கள் ஒரு நூலோடு நிற்க வேண்டாம். காழியின் பயண நூலையும் கங்காதேவியின் காவியத்தையும் அருகருகே வைத்து வாசியுங்கள். பாட்டைக் காசோடும் கல்வெட்டோடும் ஒப்பிடுங்கள். நாவலை நாவலாகவே வாசியுங்கள். அரபு கற்ற நம் மாணவர்கள் மஅபர் பற்றிய பகுதியைத் தமிழில் குறிப்புரையோடு எழுதி, இவ்வூர்ப் பள்ளிகளில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களின் கையில் கொடுக்கலாம். அது இரு தரப்பாரும் ஒருங்கே அமர்ந்து பேச வழி செய்யும்.

வல்லாளனுக்கு ஒரு கோபுரமும் ஒரு புராணமும் ஆண்டுக்கொரு திதியும் உண்டு. காட்டில் பிடிபட்டு, தம் கழுமரத்தைத் தாமே சுமந்து வந்து நான்கு வாயிலில் மாண்டவர்களுக்கும், அவர்தம் பெண்டிர் பிள்ளைகளுக்கும் பெயர்கூட எஞ்சவில்லை. அவர்களைப் பற்றி உலகில் இருக்கும் செய்தி, ஒரு முஸ்லிம் காழி அரபு மொழியில் சொல்லி வைத்த சில வரிகளே. அவ்வரிகளை வாசிக்கத் தெரிந்தவர்கள் நாம். வாசித்ததை மறைக்காமல் சொல்வது நம்மேல் உள்ள கடன்.